மலையில் அமுக்கினால் அடிவாரத்தில் ஊதும்

சங்குக்காரரைப் போல என்னைத் திடுக்கிட வைத்த மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் கிடையாது. யோசித்துத்தான் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஒருமுறை குளியலறையில் ஒரு சாரைப்பாம்போடு அரைமணி நேரம் அடைபட்டுக் கிடந்திருக்கிறேன். அத்தனையையும் தராசில் ஒரு தட்டில் வைத்து, கொல்லிமலையில் அவருக்குப் பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருந்த மூன்று வருஷத்தை இன்னொரு தட்டில் வைத்தால், இரண்டாவது தட்டு தரையில் போய் இடிக்கும்.

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம். வாழவந்தி நாட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மலை அலுவலகம். நிறுவனத்தின் பெயர் இப்போது எதற்கு? இரண்டு அறை, ஓட்டுக் கூரை, ஒரு டெலிபோன், ஒரு கம்ப்யூட்டர், பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர். தலைமை அலுவலகம் மலைக்குக் கீழே, அடிவாரத்தில். எங்கள் டைரக்டர் அம்மாவும், நிறுவனத்தின் ஒரே ஜீப்பும் இருப்பது அங்கே. நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் துறையூரிலிருந்து வந்த டைப்பிஸ்ட். அவர் ஜெனரேட்டரையும் ஒயர்களையும் பார்த்துக்கொள்ள வந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து, மில் மூடியதும் மலையேறி விட்டவர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

முதல் நாள் நான் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"ஏனுங்கம்மணி, காலை மேல தூக்கிக்குங்க. கரண்டு வருது."

குரல் என் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தால், வாயில் ஒயரைக் கடித்துக்கொண்டு ஒரு மீசை. நான் காலைத் தூக்கியதோடு நிறுத்தவில்லை. நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டேன். என்னை வேலையில் சேர்த்துக்கொள்ளக் கீழேயிருந்து வந்திருந்த டைரக்டர் அம்மா உள்ளே வந்தபோது, அந்த உயரத்திலிருந்துதான் வணக்கம் சொன்னேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார். "சாப்டாச்சுங்களா?" என்பார். "இல்லீங்க, இன்னும்..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனரேட்டர் அறையில் இருப்பார். "ஊருல அப்பாவுக்கு ஒடம்பு தேவலீங்களா?" என்பார். நான் அப்பாவின் ரத்த அழுத்தத்தை விவரமாகச் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். ஆரம்பத்தில் அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவர் கேட்டால் தலையைக்கூட நிமிர்த்தாமல் டைப் அடித்துக்கொண்டே இருப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் நின்று பேசினார். அதைச் சொன்னால்தான் சங்கு கதை புரியும்.

பொன்னுசாமி என்று ஒருவர், எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறிப்பவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கீழே ஜீப் நிற்கிறது, ஒரு போன் போட்டால் வந்துவிடும் என்று நினைத்தோம். சங்குக்காரர்தான் போன் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரம். தலைமை அலுவலகத்தில் டெலிபோன் இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் திரும்பத் திரும்பச் சுற்றினார். கடைசியில் அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லாரியை மறித்து, சாக்குகளைப் பரப்பி அதன்மேல் பொன்னுசாமியைப் படுக்க வைத்து, தானும் ஏறிக்கொண்டார்.

மறுநாள் திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். போகவே இல்லை.

"எழுவது வளைவுங்கம்மணி. ஒவ்வொரு வளைவுலயும் அந்த மனுசன் என்ற கையப் புடிச்சுட்டுக் கத்துறாரு. நான் எண்ணிக்கிட்டே வந்தேன். வேறென்ன பண்றது?"

பொன்னுசாமி பிழைத்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் காலை இழுத்துத்தான் நடந்தார். சங்குக்காரர் டெலிபோனைத் தொடுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

"போனுங்கறது கெஞ்சற சாமானுங்க. எடுத்தா எடுப்பாங்க, எடுக்காட்டி இல்ல. மில்லுச் சங்குன்னா அதை யாரும் எடுக்க வேண்டியதில்ல. அதுவே காதுக்குள்ள வந்துரும்" என்றார். அடுத்த லீவில் ஊருக்குப் போனவர், தான் வேலை பார்த்த மில்லின் சங்கை ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, தலைமை அலுவலகக் கூரையில் ஏற்றிவிட்டார். டைரக்டர் அம்மாவுக்குப் பொன்னுசாமி விஷயத்தில் மனசு உறுத்திக்கொண்டிருந்ததால் சரி என்றுவிட்டார்கள். சைக்கிள் ஹாரன் அளவில் ஏதோ வரப்போகிறது என்று நினைத்தார்களாம். வந்து இறங்கியதைத் தூக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது.

சங்கு கீழே. ஆபத்து மேலே. மேலே இருந்துகொண்டு கீழே எப்படி ஊதுவது?

அதற்கும் அவரிடம் விடை இருந்தது. தலையணை கனத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் புத்தகம். ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கும் அளவுதான். ஆனாலும் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார். பதிலுக்கு நிற்காமல் அவரே ஒரு அர்த்தம் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

அவர் திட்டம் இதுதான். எங்கள் கம்ப்யூட்டர் தினமும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை டெலிபோன் லைன் வழியாக அடிவாரத்துப் பெரிய கம்ப்யூட்டரோடு சேர்ந்து, கடிதங்களை அனுப்பும், வாங்கும். அப்போது நிறுவனத்தின் இணையப் பக்கமும் திரையில் திறந்திருக்கும். அந்தப் பக்கத்துக்குள் ஒரு குட்டி புரோகிராமை வைப்பது. ஆப்லெட் என்று பெயர். பக்கத்தைத் திறந்தால் அது கீழேயிருந்து கிளம்பி நம் திரைக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் சிவப்பாக ஒரு பட்டன். அமுக்கினால், கீழே பெரிய கம்ப்யூட்டருக்குள் படுத்திருக்கும் 'ஊது' என்கிற இன்னொரு குட்டி புரோகிராமை அது கூப்பிடும்; அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். ஸ்கிரிப்ட் எழுந்து, சங்குக்குக் கரண்டு விடும். வேறு நேரத்தில் ஆபத்து வந்தாலும் லைனைப் போட்டு அமுக்கிக்கொள்ளலாம்.

"அதாவதுங்க, கூப்படறவன் இங்க, வேலை செய்யறவன் அங்க" என்றார். எனக்குப் புரிந்ததா என்று கேட்டார். நான் தலையாட்டியதைப் பார்க்க அவர் அங்கே இல்லை.

பட்டன் வந்துவிட்டது. அழகாக அமுங்கியது. சங்கு மட்டும் ஊதவில்லை. ஒரு மாதம் தினமும் அமுக்கினார். லைனைத் துண்டித்துவிட்டு எனக்குக் கையைக் காட்டுவார், நான் கீழே போன் போட்டு, "ஊதுச்சுங்களா?" என்று கேட்பேன். "இல்லம்மா, காக்காதான் உக்காந்திருக்கு" என்பார், சோதனைக்காக அந்த நேரத்தில் போன் பக்கத்திலேயே நிற்கும் ஜீப் டிரைவர் காசிம் பாய். அடிவாரத்து ஊர்க்காரர். எதையும் நிதானமாகச் சொல்கிறவர்.

பிறகு ஒரு காலை, புத்தகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார் சங்குக்காரர்.

"அம்மணி, இந்தக் கூத்தக் கேளுங்க! நான் கதவைத் தட்டச் சொல்லி எழுதியிருக்கறேன். பதிலை வாங்கச் சொல்லி எழுதல. பதில வாங்கறதுக்கு நின்னாத்தான் இது தட்டவே தட்டுமாமா! இல்லீன்னா கைய ஓங்குனாப்லயே நிக்குமாமா! கேட்டுப்போட்டு பதிலுக்கு நிக்காம யாராச்சும் போவாங்களா?"

இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? நான் நாற்காலியைத் திருப்பி, நன்றாக மூச்சை இழுத்து, "நீங்க மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

ஆளைக் காணோம்.

அன்று ஒரு மணிக்கு அமுக்கினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் மட்டும் 'ஊதியாச்சு' என்று பதில் வந்தது. அடிவாரத்தில் நடந்ததைக் காசிம் பாய் மறுநாள் வந்து சொன்னார்.

"எங்க ஊருல மூடிக் கெடக்கற மில்லைத் தெறந்துட்டாங்கன்னு நெனைச்சு நாலு பேரு சோத்துப் போசியோட கெளம்பிட்டாங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அதுபாட்டுக்கு மூட்டையக் கட்டிட்டு ஊட்டுக்குப் போயிருச்சுங்க. வாத்தியார் ரோட்டுல நின்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டு வந்தாரு. சலூன்ல ஒருத்தருக்கு மீசை பாதி போச்சு. நம்ம டைரக்டர் அம்மா ரசம் ஊத்திக்கிட்டிருந்தாங்க."

"ஐயோ! ரசம்?"

"சேலைக்குத்தான் ஊத்திக்கிட்டாங்க."

சங்குக்காரர் இதையெல்லாம் கேட்டு, பிள்ளை பரீட்சையில் பாஸான தகப்பனைப் போல நின்றார். அன்றிலிருந்துதான் அவருக்கு அந்தப் பெயர்.

ஒரு ஏற்பாடு வந்தது. தினமும் ஒரு மணிக்கு லைன் போட்டதும் அவர் ஒரே ஒரு முறை அமுக்குவார். அது சோதனை. ஒருமுறை ஊதினால் யாரும் பதற வேண்டாம். இரண்டு அல்லது அதற்கு மேல் ஊதினால், மேலே ஆபத்து. ஜீப் கிளம்ப வேண்டும். சில வாரம் மணி அடித்த மாதிரி நடந்தது. அடிவாரத்தில் கடிகாரத்தையே அதை வைத்துத் திருத்திக்கொண்டார்கள் என்று கேள்வி.

அப்புறம் மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. மணி இரண்டரை இருக்கும். சாப்பிட்டுவிட்டு வாசலில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜீப் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. காசிம் பாய் குதித்தார். பின்னாலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு குதித்தார்கள்.

"யாருக்கும்மா? எங்கே அடிபட்டிருக்கு?"

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவளைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டுவிட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க!" என்று நான் கத்தக் கத்த, "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க, தைரியமா இருங்க" என்று ஜீப் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். சங்குக்காரர் ஓடிவந்து மறித்திருக்காவிட்டால், நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் போய்த்தான் இறங்கியிருப்பேன்.

"ஒம்போது தடவை ஊதுச்சுங்க" என்றார் காசிம் பாய். "போன் போட்டுக் கேக்கலாம்னா, லைன் பிஸி. போனே எடுக்க முடியாத அளவுக்கு என்னமோ நடந்துபோச்சுன்னு ஓடியாரோம்."

லைன் பிஸியாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர்தான் அதில் பேசிக்கொண்டிருந்ததே!

"நான் ஒருக்காத்தாங்க அமுக்குனேன்!" என்றார் சங்குக்காரர். முகம் வெளுத்துவிட்டது. "அமுக்கிப்போட்டு சோறு திங்கப் போயிட்டேன்."

மறுநாள் புதன்கிழமை, பதினான்கு தடவை. இந்தமுறை காசிம் பாய் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. சாலையிலிருந்தே, "எல்லாரும் உசுரோட இருக்கீங்களா?" என்றார். "இருக்கோமுங்க" என்றேன். "சந்தோஷம்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை இருபத்திரண்டு தடவை. ஜீப்பிலிருந்து டைரக்டர் அம்மாவே இறங்கினார்கள். எழுபது வளைவும் அவர்கள் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார்கள். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சங்குக்காரரைப் பார்த்தார்கள்.

"எங்க ஊர் தாசில்தார் எனக்கு போன் பண்றார். யுத்தம் ஏதாவது வந்திருக்கான்னு கேக்கறார். என்ன பதில் சொல்லட்டும்?"

"அம்மா, நான் ஒருக்காத்தான்..."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தச் சங்கு கூரையை விட்டு இறங்கணும். அதோட நீங்களும் இறங்கிக்கலாம்."

அவர்கள் போனதும் சங்குக்காரர் சட்டைப் பையைத் துழாவினார். காசிம் பாய் கொடுத்துவிட்டுப் போன ஒரு தாளை என் மேஜையில் விரித்தார். கீழே இருந்த ஸ்கிரிப்ட், தான் ஒவ்வொரு முறை ஊதும்போதும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தது. ஒன்று அடித்ததும் ஒன்று, அவருடையது. அதன்பின் இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. ஒன்று இருபதிலிருந்து சரமாரியாக. இரண்டு மணிக்கு நின்றுவிடுகிறது.

"ஒண்ணு இருவதுல இருந்து ரெண்டு வரைக்கும் இந்த ரூம்ல என்ன நடக்குதுன்னு தெரியலீங்களே அம்மணி. எலி கிலி ஏறுதுங்களா?"

பட்டியலைப் பார்த்த நான், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கழுவியதையே மறுபடி கழுவினேன்.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒன்று முதல் இரண்டு வரை கடிதங்கள் வந்து இறங்கும்வரை கம்ப்யூட்டரை விட்டு நகரக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. ஒன்று இருபதுக்குச் சாப்பிட்டு முடிப்பேன். வெளியே கொட்டும் மழை. கம்ப்யூட்டரில் ஒரு சீட்டு விளையாட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடித்தேன். புதன்கிழமை கொஞ்சம் தேறினேன். வியாழக்கிழமை அபாரமாக ஆடினேன். எனக்கு நேரெதிர் சுவரில் டைரக்டர் அம்மா கையெழுத்துப் போட்ட அறிவிப்பு தொங்கியது: 'அலுவலகக் கம்ப்யூட்டரில் விளையாடுவோர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவர்.' எனக்கு முன்னாலிருந்த டைப்பிஸ்ட் அப்படித்தான் போனாள்.

சீட்டாட்டத்துக்கும் சங்குக்கும் என்ன சம்பந்தம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் நேரம் அச்சாகப் பொருந்தியது. அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அப்பா சம்பாத்தியம் நின்று ஒரு வருஷமாகியிருந்த சமயம் அது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மனுஷனுக்கு வேலை போகப் போகிறது, நான் வாயை மூடிக்கொண்டு டைப் அடிக்கிறேன். அன்றைக்கு நான் அடித்த கடிதங்களைத் திருத்த இரண்டு நாளானது.

வெள்ளிக்கிழமை காலை, அவர் தன் ஸ்குரு டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியவில்லை.

"எலி இல்லீங்க. நான்தான்" என்றேன். "சீட்டு விளையாடினேன்."

அழுதுவிட்டேன். திட்டுவார், கத்துவார், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கண் விரிந்தது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சீட்டா! எங்கீங்க, வெளையாடுங்க பாக்கலாம்!"

"என்னங்க?"

"அழுவாம வெளையாடுங்கம்மணி! நேத்து எப்படி வெளையாடுனீங்களோ அப்படியே!"

கண்ணீர் வழிய வழியச் சீட்டு ஆடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் லைன் போட்டு, பக்கத்தைத் திறந்து, பட்டனை ஒருமுறை அமுக்கினார். நான் அதன்மேல் சீட்டாட்டம் தெரிகிற சதுரத்தைத் திறந்தேன்; கம்ப்யூட்டரில் அதற்கு ஜன்னல் என்று பெயர். யாரோ வருகிற மாதிரி இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார். ஜன்னலைச் சரக்கென்று மூலைக்கு இழுப்பேன் என்று இழுத்துக் காட்டினேன். அடியிலிருந்த சிவப்புப் பட்டன் வெளியே தெரிந்தது. தெரிந்த அந்த நொடி, அதற்குக் கீழே 'ஊதியாச்சு' என்று புதிதாக ஒரு வரி.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மறக்கச் சொல்லலீங்களே! அமுக்குனதை மறக்கச் சொல்லலீங்களே! நான் ஒருக்கா அமுக்குனதை அப்படியே நெனப்புல வெச்சிருக்குது. உங்க ஜன்னலு மேல வந்து மறைச்சு வெலகுனா, பட்டன் தன்னைத் திரும்பி வரையணுமல்லங்க? வரையறப்பல்லாம், 'அட, அமுக்கியிருக்காங்களே'ன்னு மறுக்கா ஊதச் சொல்லுது! வரையற எடத்துல போயி ஊதறதை எழுதியிருக்கறேன் பாருங்க, முட்டாளு!"

அதாவது, நான் இங்கே ஸ்பேட் ராணியை நகர்த்தியதற்கு, இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரே நடுங்கியிருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே அரை மணி நேரத்தில் அதைச் சரிசெய்துவிட்டார். இனி அமுக்கினால் ஒன்று. ஜன்னலை எத்தனை தடவை இழுத்தாலும் ஒன்றுமில்லை.

சரியாகிவிட்டதை யாரிடம் போய்ச் சொல்வது? சாயங்காலம் வேலை போய்விடும். கீழே சங்கு ஊதினால் இனி நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, மழையில் நனைந்துகொண்டு நாலு பேர் ஒரு மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். உள்ளே செல்வி என்று ஒரு பெண். இருபது வயதுதான் இருக்கும். நிறைமாதம். கூட வந்த கிராம நர்ஸ் மூச்சிரைக்கச் சொன்னார்: "குழந்தை குறுக்க கெடக்குங்க. நாமக்கல் கொண்டுபோயே ஆகணும். பஸ்ஸு வளைவுல மாட்டிக்கிட்டு நிக்குது. வண்டி எதுவும் இல்லீங்க."

நான் லைனைத் துண்டித்து டெலிபோனைப் பிடுங்கினேன். சுற்றினேன். மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். அடித்துக்கொண்டே இருந்தது.

சங்குக்காரர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார். மறுபடி லைன் போட்டார். பக்கம் திறந்தது. பட்டன் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். அமுக்கவில்லை.

"ஊதுனா நம்புவாங்களாங்கம்மணி?"

இந்தத் தடவை அவர் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூளிக்குள் அந்தப் பெண் முனகினாள்.

"அமுக்குங்க" என்றேன்.

அமுக்கினார். 'ஊதியாச்சு' என்று பதில் வரும்வரை நின்றார். நிதானமாகப் பத்து எண்ணினார். மறுபடி அமுக்கினார். பத்து எண்ணினார். மூன்றாவது முறை அமுக்கினார். அவ்வளவுதான். பிறகு வாசலில் போய் மழையில் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் எப்படி ஏறினாரோ, காசிம் பாயின் ஜீப் வந்து நின்றது. செல்வியையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டு வந்த வேகத்தில் இறங்கியது. அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்ற செய்தி மறுநாள் காலையில் வந்தபோது, சங்குக்காரர் ஜெனரேட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"எப்படி பாய் நம்பி வந்தீங்க?" என்று அடுத்த முறை காசிம் பாயைக் கேட்டேன்.

"மத்த நாள் ஊதுனது பைத்தியம் புடிச்சாப்புல இருக்கும்மா. அன்னைக்கு ஊதுனதுல ஒரு ஆளு இருந்தாரு. விட்டு விட்டு, எண்ணி ஊதுற மாதிரி. கெளம்பிட்டேன்."

"டைரக்டர் அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"பின்னாடியே ஓடியாந்து ரெண்டு கையையும் ஆட்டுனாங்க. போகாதேன்னுதான். டாட்டா காட்டுறாங்கன்னு நெனைச்சு நானும் காட்டிட்டு வந்துட்டேன்."

சங்கு கூரையிலேயே இருந்தது. சங்குக்காரரும் மலையிலேயே இருந்தார். டைரக்டர் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: அந்த மூன்று நாளும் ஏன் அப்படி ஊதியது என்று கோப்புக்கு ஒரு எழுத்துமூல விளக்கம். என் பெயரையோ சீட்டையோ பற்றி ஒரு எழுத்து வராது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரே உட்கார்ந்து எழுதினார். கடிதம் என்று வந்துவிட்டால் அவருக்குச் சுத்தத் தமிழ்தான். எழுதியதை நான்தான் டைப் அடித்தேன்.

'முன்னால் இருந்த ஜன்னல் அடிக்கடி நகர்ந்த காரணத்தால் சங்கு ஊதியது. தவறு முழுவதும் என்னுடையது. இனி நிகழாது.'

நாலு நாள் கழித்து ஜீப் வந்தது. அதிலிருந்து ஒரு தச்சர், சுத்தியலும் ஆணிப் பெட்டியுமாக இறங்கினார்.

"எந்த ஜன்னலுங்க நகருது?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. தச்சர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். டைரக்டர் அம்மாவின் கையெழுத்து: 'அந்த ஜன்னல் இனிமேல் ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது.'

அலுவலகத்தில் திறந்து மூடுகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சங்குக்காரரின் மேஜையை ஒட்டியது. அவர் அந்தத் தடிப் புத்தகத்தைப் படித்தது அதன் வெளிச்சத்தில்தான். வெளியே ஒரு பலாமரம். தினமும் பதினோரு மணிக்கு அந்த ஜன்னல் வழியாகப் பாதி பன்னை ஒரு அணிலுக்கு நீட்டுவார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தின்னும். எங்களில் வேறு யார் நீட்டினாலும் வராது.

சங்குக்காரர் சீட்டை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார்.

"இதுதானுங்க" என்றார் தச்சரிடம். "அடிங்க."

நான் அதிர்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னங்க இது! கம்ப்யூட்டர் ஜன்னல்னு சொல்லிடலாங்க!"

"சொன்னா, அதை யாரு நகர்த்துனாங்கன்னு அடுத்தாப்ல கேப்பாங்கல்லங்க?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனரேட்டர் அறைக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு ஆணி. ஒவ்வொன்றும் விரல் நீளம். தச்சர் நல்ல வேலைக்காரர். தள்ளிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, திருப்தியாகக் கிளம்பினார். அதன்பின் அந்த மூலை பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் கிடந்தது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பதினோரு மணிக்கு எழுந்து, பன்னை எடுத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிப் பலாமரத்தடிக்குப் போவார். மழை நாளில் குடையோடு போவார்.

நான் அங்கே இருந்தவரைக்கும், காலையில் அவருக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே ஆபீசுக்குப் போய், அவர் மேஜை விளக்கைப் போட்டு வைத்துவிடுவேன்.